எங்கன நிக்கப் போறிய?

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. என் வாயில் விழுந்து அந்தப் பெயர் ஒருமுறை பட்ட பாடு போதும். கோவில்பட்டியில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் கடை வைத்திருந்தார். தூண்டில் கம்பும் ரீலும் விற்றார். கடைக்குள் யார் நுழைந்தாலும் அவர் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“எங்கன நிக்கப் போறிய?”

என்ன வேண்டும், எவ்வளவுக்குள் பார்க்கிறீர்கள் என்பதெல்லாம் பிறகுதான். புதிதாக வருகிறவர்கள் திகைத்துப்போவார்கள். “கடைக்குள்ளதான் நிக்கேன், பார்த்தாத் தெரியலையா?” என்று ஒருவர் சண்டைக்கே போனார். “அது தெரியுது. மீன் பிடிக்கையில எங்கன நிப்பிய? கண்மாய்க் கரையிலயா, மடை மேலயா, கடல்னா பாறையிலயா மணல்லயா?” என்று இவர் பொறுமையாக விளக்குவார். நிற்கிற இடம் தெரியாமல் கம்பின் நீளத்தைச் சொல்ல முடியாது என்பது அவர் கட்சி. “மீனைப் பார்த்துக் கம்பு வாங்காதிய. உங்க காலைப் பார்த்து வாங்குங்க” என்பார்.

முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘எங்கன அண்ணாச்சி’ என்று பெயர்.

ஆறு இல்லாத, கடல் இல்லாத ஊரில் தூண்டில் கடையா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் சுற்றுப்பட்டில் அத்தனை கண்மாயும் நிறையும். மூன்று நான்கு மாதம் கெண்டையும் விராலும் கிடைக்கும். அதன் பிறகு மில்லில் வேலை பார்க்கிறவர்கள் வார லீவுக்கு இரண்டு சக்கர வண்டியில் வேம்பார், வைப்பார் என்று கடற்கரைப் பக்கம் போவார்கள். அதுவும் போதாதென்று கடையின் பாதியில் சைக்கிள் சாமான் வைத்திருந்தார். டியூபும் செயினும் தொங்குகிற பக்கம் கிரீஸ் வாசனை அடிக்கும். கண்ணாடிப் பெட்டியும் ரீல்களும் இருக்கிற பக்கத்தில் எந்த வாசனையும் இருக்காது.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுப் பஞ்சு இருக்கும். மருந்துக்கடைப் பஞ்சு இல்லை. விளாத்திகுளம் பக்கமிருந்து யாராவது வந்தால் ஒரு வெடித்த பருத்திக்காய் கேட்டு வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டுப் பையில் வைத்துக்கொள்வார். கம்பில் தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்கள் இருக்குமல்லவா, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அந்தப் பஞ்சை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார். வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் ஒரு நூல் மாட்டிக்கொண்டு நிற்கும். “பஞ்சு பிடிச்சா நரம்பும் பிடிக்கும். நல்ல மீனு மாட்டுற அன்னைக்கு அறுந்துபோகும்” என்று அந்தக் கம்பை மூலையில் சாத்திவிடுவார். திருப்பி அனுப்பினால் கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான். மூலையில் அப்படிச் சாத்திய கம்புகள் விறகுக்கட்டு மாதிரி சேர்ந்துகொண்டே போயின.

ரீலைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுவார். “பத்து பேரிங்கு இருக்கு, பதினொண்ணு இருக்குன்னு டப்பாவுல போட்டிருப்பான். உள்ள போயி யாரு எண்ணினா? சத்தத்தைக் கேளுங்க.” நரம்பின் நுனியில் பக்கத்து டீக்கடைக் கடலைமிட்டாய் டப்பாவைக் கட்டித் தூக்கச் சொல்வார். மீன் இழுக்கும்போது ரீல் விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் உதறிக்கொண்டு விடக் கூடாது. டப்பா மெதுவாக, ஒரே சீராக இறங்கினால் நல்ல ரீல். குறைந்த கையிருப்போடு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்வார்: “இருக்கதுல பாதிக்கு மேல ரீலுக்குப் போடுங்க. கம்புல மிச்சம் பிடிங்க. கம்பு கம்புதான். ரீலுதான் மெஷினு.”

இவ்வளவு சொல்கிறவர் மீன் சாப்பிட மாட்டார். சிறுவயதில் தொண்டையில் முள் சிக்கி, அந்தப் பயம் போகவேயில்லை. டீக்கடைக்காரர் அதை வைத்து விடாமல் ஓட்டுவார். “மீனு திங்காத ஆளுட்ட தூண்டில் வாங்குறது, சாமி கும்பிடாதவன்ட்ட சூடம் வாங்குறது மாதிரிலா இருக்கு.” இவர் நிமிராமலே, “சூடம் எரியுதான்னு மட்டும் பாரும்வே” என்பார்.

ஒருமுறை தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் காரில் வந்து இறங்கினார். “இருக்கதுலயே ஒசந்தது எதுவோ அதை எடுங்க.” இவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். தோட்டத்தில் பெரிய தொட்டி கட்டி மீன் விட்டிருப்பதாகவும், பேரப்பிள்ளைகள் வருவதாகவும் முதலாளி சொன்னார்.

“தொட்டியிலயா? அதுக்கு வாளி போதுமே அண்ணாச்சி.”

முதலாளி முகம் சிவந்து காரில் ஏறிப் போய்விட்டார். “ஒரு மாச வாடகையை வாளியைச் சொல்லி அனுப்பிட்டீரு” என்றார் டீக்கடைக்காரர். அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் ஊரில் இதைச் சொல்லக் கேட்டபோது, முதலாளியின் முகம் ஏன் சிவந்தது என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கு விலை குறைந்ததை முதலில் எடுத்துக் காட்டுவது அவரை எடைபோட்டுவிட்டோம் என்று சொல்வதுதான். அவரோ எல்லோருக்கும் குறைந்ததைத்தான் முதலில் எடுப்பார். அது அவருடைய குணம் என்பது அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். நான் பழகியவள் இல்லை.

நான் நூல்மில்லில் டைம் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கணவர் மஸ்கட்டில். வெள்ளிக்கிழமை லீவில் அங்கே கடற்கரையில் தூண்டில் போடுவார். போனில் வீடியோ அனுப்புவார். அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் ஒரே மகளுக்கு ஆசை வந்துவிட்டது. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அப்பா லீவுக்கு வரும்போது தானும் வீசத் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவர் அசந்துபோக வேண்டும் என்றாள். கொழுந்தன் குடும்பம் அடுத்த தெரு. “பொம்பளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு மதினி தூண்டிலும் கண்மாயும்?” என்று அவன் கேட்டதே அவளைக் கூட்டிக்கொண்டு போக எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

கடைக்குள் நுழைந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

“ஏட்டி, நீதான் வீசப் போறியா? கையைத் தூக்கு.” அவள் தூக்கினாள். “எங்கன நிக்கப் போற?”

ஊருக்கு வெளியே உள்ள ஒரு கண்மாயின் பெயரைச் சொல்லி, “மடைக்குப் பக்கத்துல, கரை மேல தாத்தா” என்றாள்.

“தாத்தாவா? எனக்கு இன்னும் ஒரு பல்லு விழலட்டி.” சொல்லிக்கொண்டே ஏழடியில் ஒரு ஃபைபர் கம்பை எடுத்து வைத்தார். பச்சை நிறம். பிடியில் கறுப்பு நுரை சுற்றியது. பார்த்தாலே தெரியும், இருப்பதிலேயே மலிவு.

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் அம்மா தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தவள். நான் சின்னவளாக இருந்தபோது ஒரு தீபாவளிக்கு ஜவுளிக்கடைக்குப் போனோம். விற்கிற ஆள் அம்மாவின் விரல்நகத்தில் காய்ந்திருந்த பசையைப் பார்த்துவிட்டு, நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, “உங்களுக்கு அந்த மூலை” என்று கையைக் காட்டினான். அம்மா பேசாமல் அந்த மூலைக்குப் போனாள். அன்றைக்கு வாங்கின பாவாடையை நான் ஆசையாக உடுத்தவேயில்லை. இப்போதும் யாராவது மலிவானதை என் முன்னால் வைத்தால் நான் அந்த மூலையில்தான் நிற்பேன்.

“அது வேணாம். அந்தக் கறுப்பு” என்று கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கார்பன் கம்பைக் காட்டினேன். இழுத்தால் பன்னிரண்டு அடி நீள்வது. என் கணவர் வீடியோவில் வைத்திருக்கிற மாதிரி.

அவர் அதைக் கையில் எடுத்தார், நீட்டவில்லை. மகளிடம் கேட்டார். “அந்த மடைக்கு மேல கரண்டுக் கம்பி போகுதா?”

“போகுது. பம்புசெட்டுக்குப் போற கம்பி.”

“அப்போ இது ஆகாது.” கம்பை உள்ளே வைத்துவிட்டார். “இது கரி தாயி. கரண்டை இழுக்கும். அதுவும் மழை பெஞ்சா நம்ம கரிசல் மண்ணு இளகிப் போஸ்டெல்லாம் சாஞ்சிருக்கும், கம்பி தொங்கும். கரையோ ஒசரம். இவ கையைத் தூக்கினா எட்டிரும். ஏழடி போதும். மிச்சத்தை ரீலுக்குப் போடுங்க.”

அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இன்று நினைவிருக்கிறது. அன்று கேட்டது வேறு. ‘உனக்கு இது ஆகாது’ என்பது மட்டும்தான். மலிவானதை என் தலையில் கட்டக் கரண்டையும் கரியையும் சொல்கிறார் என்று நினைத்தேன். ரீலை மட்டும் கொடுங்கள் என்றேன்.

“கம்பு இல்லாம ரீலா? எந்தக் கம்புல மாட்டுவிய?”

“வீட்டுல இருக்கு.”

அது முதல் பொய். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ரீலைக் காதில் வைத்துச் சுற்றிப் பார்த்து, கடையின் பெயர் போட்ட சின்ன ஸ்டிக்கரை அதன் அடியில் ஒட்டித் தந்தார். “கெட்டுப்போனா கொண்டு வாங்க, நானே பிரிச்சுப் பாக்குதேன்” என்றார். அன்று ராத்திரி போனில் தேடி, அதே போன்ற கறுப்புக் கம்பைத் தள்ளுபடியில் வரவழைத்தேன். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தது. எனக்கு எந்த மூலையையும் யாரும் காட்டவில்லை என்ற திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை காலை. கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையில் ஈரம். மகள் கம்பை ஒவ்வொரு துண்டாக இழுத்து நீட்டினாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அம்மா, மேல கம்பி இருக்கே. அந்தத் தாத்தா சொன்னாருல்ல…”

“அவரு சரக்கை விக்கிறதுக்கு அவரு சொல்லுவாரு. அது எங்கயோ இருக்கு. நீ வீசு.”

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத்துணியை ஓங்கி ஒருமுறை கல்லில் அடித்தது போல. அவள் கீழே கிடந்தாள். கை கம்பை விடவில்லை. கம்பு கம்பியில் சாய்ந்திருந்தது. நான் அவளைத் தூக்க ஓடினேன். யாரோ என் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார்கள். ஆடு மேய்க்கிற அம்மா. “தொடாதட்டி! தொட்டா நீயும் போயிருவ!” என்று கத்திக்கொண்டே, ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற மூங்கில் தொரட்டியால் கம்பை ஓங்கி அடித்து விலக்கினாள். அதன் பிறகுதான் என் மகள் மூச்சு விட்டாள்.

உயிர் இருந்தது. வலது உள்ளங்கையிலும் இடது குதிகாலிலும் தீக்காயம். பிழைத்தது பெரிது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்காது.

கொழுந்தன் வந்தான். கம்பையும் யாரோ எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். வார்டில், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவன் ரீலைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தான்.

“இவன்தான் குடுத்தானா மதினி?”

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். யோசிக்கவேயில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு வரும். யார் வாங்கியது, யார் கூட்டிக்கொண்டு போனது, வேண்டாம் என்று சொன்னதை யார் கேட்கவில்லை. அது மஸ்கட்டுக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வரும்.

“ஆமா. அந்த அண்ணாச்சி கடையிலதான்” என்றேன். பெயரையும் சொன்னேன்.

கட்டிலில் மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

கொழுந்தன் நான்கு பேரோடு கடைக்குப் போனான். கண்ணாடிப் பெட்டியை உடைத்தார்கள். கம்புகளை அள்ளி ரோட்டில் எறிந்தார்கள். திரும்பி வந்து அவன் என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

“ஒத்துக்கிட்டான் மதினி. மொதல்ல கம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிள்ளை எப்படியிருக்குன்னு கேட்டான். நீதானவே வித்தன்னு கேட்டேன். ‘அந்தத் தாயி சொன்னாவளா?’ன்னான். ஆமான்னேன். ‘அவிய சொன்னா சரிதான்’ன்னுட்டான். வேற ஒரு வார்த்தை பேசல.”

அவிய சொன்னா சரிதான். இந்த மூன்று வார்த்தைகளை நான் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு வாசலோடு நின்றுவிட்டார். நெற்றியில் கண்ணாடி கீறிய காயம். கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம். நான் வெளியே போனேன்.

“பிள்ளை எங்கன நின்னா?” என்று கேட்டார்.

“மடைக்குப் பக்கத்துல, கரை மேல.”

தலையை ஆட்டினார். “போய்ப் பார்த்துட்டுத்தான் வாரேன். போஸ்டு நல்லாச் சாஞ்சிருக்கு. நிமித்தச் சொல்லிக் கரண்டு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். நாளைக்கு அங்கன இன்னொரு பிள்ளை போயி நிக்கும்லா.”

பொட்டலத்தைக் கொடுத்துவிட்டும் போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். எதற்காக நிற்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. படியில் கொழுந்தனின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் உள்ளே போய்விட்டேன்.

ஊரில் பேச்சு பரவியது. ‘கரண்டு அடிக்கிற கம்பு விக்கிற கடை’ என்றானது. பஞ்சை விட்டு வளையம் பார்த்த மனுஷரிடம் யாரும் தூண்டில் முள்கூட வாங்கவில்லை. கண்ணாடிப் பெட்டி இருந்த இடத்தில் கொஞ்ச நாள் வெறும் தரை கிடந்தது. சைக்கிள் சாமான் மட்டும் விற்றார். பிறகு அதுவும் இல்லை. ஒருநாள் ஆபீஸ் விட்டு வரும்போது கடை பூட்டியிருந்தது. அதன் பிறகு அங்கே ஒரு செல்போன் கடை வந்தது. நான் ரயில் நிலையத்துக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.

நான்கு வருஷம். மகள் இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டாள். டியூஷனுக்குப் போனால் ஒரு நாளைக்குப் பத்து முறை போன் பண்ணுகிறேன். “எங்க நிக்கிற? எங்க நிக்கிற இப்போ?” ஒருநாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது யாருடைய கேள்வி என்று உறைத்து, பதில் வரும் முன்பே போனை வைத்துவிட்டேன். எனக்கும் அவளுக்கும் நடுவே அந்த விஷயம் பேசப்படவேயில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்காக நான் உள்ளூர நன்றியோடு இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் என் பொய்யையும் ஏற்றி வைத்திருந்தேன்.

போன மாதம் கணவர் மறுபடி லீவில் வந்திருந்தார். சாப்பிடும்போது மகள் இடது கையில் கரண்டி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அந்தக் கடைக்காரன் இன்னும் ஊர்லதான் இருக்கானா?” என்றார். அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது.

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அப்பா, கம்பை அவர் குடுக்கல. வேண்டாம்னு சொன்னார். அம்மா சொல்லட்டும்.” எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

சொன்னேன். எல்லாவற்றையும். ஜவுளிக்கடை மூலையையும்கூட. அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, “அவரு எங்க இருக்காருன்னு பாரு” என்று மட்டும் சொன்னார்.

விளாத்திகுளத்தில், தங்கச்சி மகனுடைய பூச்சிமருந்துக் கடையில் இருப்பதாகத் தெரிந்தது. நானும் மகளும் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் மிளகாய்ச் செடி. நாங்கள் போய் நின்றபோது அவர் மிளகாய் பயிரிடுகிற ஒரு சம்சாரியிடம் பேசிக்கொண்டிருந்தார். “மருந்து இருக்கட்டும். மிளகா எங்கன போட்டிருக்கிய? மேட்டுலயா பள்ளத்துலயா?”

எங்களைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. மகளிடம் மட்டும், “கையைக் காட்டுட்டி” என்றார். அவள் காட்டினாள். மடங்காத விரல்களைத் தொடாமல் பார்த்தார். “எழுதுதியா?” “இடது கையில எழுதுதேன் தாத்தா.” இந்தமுறை பல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“நான் பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி” என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன், அந்தச் சம்சாரி காதில் விழக் கூடாதென்று.

“தெரியும்லா. கம்பைப் பார்த்ததுமே தெரியும்.”

“பொறவு ஏன் அன்னைக்கு…”

“பிள்ளை ஆஸ்பத்திரியில கெடக்கையில கம்பு யாருதுன்னா பஞ்சாயத்துப் பண்ணச் சொல்லுதிய? ரெண்டு நாள் கழிச்சு நீங்களே சொல்லிருவியன்னு நினைச்சேன். பிள்ளையைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், அதுக்காகவும் வந்தேன். பொறவு ஒரு மாசம் சொல்லுவியன்னு பார்த்தேன். பொறவு பார்க்கல.”

“மன்னிச்சிருங்க.”

“கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் தாயி. இருக்கு.” கல்லாவின் மேல் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்தார். “எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்டயே வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்லுறதுக்கு எங்கன நிக்கணும்னு பாருங்க. அங்கன நின்னு சொல்லுங்க.”

அவ்வளவுதான். அந்தச் சம்சாரியிடம் திரும்பிவிட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கோவில்பட்டி வந்ததும் நான் வீட்டுப் பக்கம் நடந்தேன். அவள் நகரவில்லை. ரயில் நிலையத்துச் சாலையைப் பார்த்தபடி நின்றாள்.

செல்போன் கடைக்குப் பக்கத்தில் அதே டீக்கடை. சாயங்கால நேரம், பெஞ்சில் ஆறேழு பேர். மில் ஆட்கள் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். கடை உடைபட்ட அன்று வாசலில் நின்றவர்களும் அதில் இருக்கலாம். நான் டீ சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லி, “இங்கன கடை வச்சிருந்தாவளே, அவிய…” என்று ஆரம்பித்தேன்.

“யாரு? அந்தக் கரண்டு அடிக்கிற கம்பு வித்த ஆளா?” என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். அவர் வயது குறைந்தவர். கடையைப் பார்த்தேயிருக்க மாட்டார்.

“அவிய விக்கல.” என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “வேண்டாம்னு சொன்னாவ. மேல கம்பி போகுது, இது கரண்டை இழுக்கும்னு சொல்லித் தர மாட்டேன்னுட்டாவ. நான்தான் கேக்காம வேற இடத்துல வாங்கினேன். பிள்ளை கையில நான்தான் குடுத்தேன். கேட்டப்போ அவிய பேரைச் சொல்லிட்டேன். நான் பொய் சொன்னேன்.”

மில் ஆள் ஒருவர் என்னைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தார். மகள் என் பக்கத்தில் நின்றாள். மடங்காத விரல்கள் உள்ள கை என் கையை உரசிக்கொண்டிருந்தது. பிடிக்கவில்லை, விலகவும் இல்லை.

டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். அண்ணாச்சியைத் தினமும் கேலி பண்ணின மனுஷர். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

“இதை அன்னைக்கு இதே இடத்துல வந்து நின்னு சொல்லியிருக்கலாம்லாம்மா” என்றார்.

பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவ உள்ளே போய்விட்டார்.